கடலுக்கு எத்தனை தெரு தள்ளி? பெசன்ட் நகர் வாடகை வீடுகள்: ஓர் ஒப்பீடு

சென்னையில் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகரில் நடுத்தர வருமானமுள்ள ஒரு குடும்பம் வாடகைக்கு வீடு தேடத் தொடங்கினால், உறவினரும் நண்பரும் முதலில் சொல்வது, "அந்த ஏரியா நமக்குக் கட்டுப்படியாகாது" என்பதுதான். கடலைப் பார்த்த ஆறாவது அவென்யூவையும், அதை அடுத்த தெருக்களில் புதிதாக எழுந்திருக்கும் லிஃப்ட் வைத்த அடுக்ககங்களையும் மட்டும் கணக்கில் கொண்டால் அது சரியான பேச்சே. ஆனால் பெசன்ட் நகர் அவ்வளவு மட்டுமல்ல. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1970களில் மனைகளாகவும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் பிரித்து உருவாக்கிய பகுதி இது. அதனால் பெரிய பங்களாக்களுக்கு நடுவிலேயே வாரியத்தின் சிறிய வீடுகளும், மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளும், இவை எல்லாவற்றுக்கும் முன்பே இங்கு இருந்த ஊரூர் குப்பம், ஓடைக் குப்பம் ஆகிய மீனவர் ஊர்களும் இன்றைக்கும் அருகருகே இருக்கின்றன. வெவ்வேறு வருமானத்தினருக்காகக் கட்டப்பட்ட ஒரு பகுதியில் வெவ்வேறு வாடகைகளும் இருக்கத்தான் செய்யும். அவற்றை எங்கே தேடுவது, எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுவது என்பதே இங்கு எழும் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் மிக அதிகமாகக் காசு வாங்குவது கடற்கரைக்கு நேர் முன்வரிசை. அங்கிருந்து உள்ளே தள்ளித் தள்ளிப் போகப் போக வாடகை இறங்கிக்கொண்டே வருகிறது; ஆனால் மாலையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மணலுக்கு நடந்துபோய் வரும் வசதி, பதினைந்து இருபது நிமிட நடைத்தொலைவு வரை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. கட்டுப்படியாகும் வீடு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, உப்புக்காற்றின் தாக்குதல் குறைவதால், உள்தெரு வீடு பல வகையில் முன்வரிசை வீட்டைவிட நல்ல வீடாகவும் இருக்கிறது.

வாடகை என்னும் ஒற்றை எண்

ஒப்பீட்டைத் தொடங்குமுன் ஒரு கணக்குமுறையைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலானவர்கள் விளம்பரத்தில் உள்ள வாடகைத் தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். முறை விளங்குவதற்காக இரண்டு வீடுகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாவது பெசன்ட் நகரின் உள்தெருவில் லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககம்: வாடகை 32,000 ரூபாய், அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை, பராமரிப்புக் கட்டணம் 2,000 ரூபாய், பேருந்தையே பெரிதும் நம்பியிருப்பதால் போக்குவரத்துக்கு 1,500 ரூபாய். இரண்டாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கத்தில் சற்றுப் புதிய அடுக்ககம்: வாடகை 24,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாதம், பராமரிப்பு 3,500 ரூபாய், லாரித் தண்ணீருக்கு வீட்டுப் பங்கு 1,500 ரூபாய், இரு சக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்குமாக 5,000 ரூபாய். அட்வான்ஸாக முடங்கும் பணம் வங்கியில் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி ஈட்டியிருக்கும் என்று கொண்டால், முதல் வீட்டில் மாதம் சுமார் 930 ரூபாயும் இரண்டாவது வீட்டில் 1,400 ரூபாயும் இழப்பு. எல்லாவற்றையும் கூட்டினால் முதல் வீட்டுக்கு ஏறத்தாழ 36,430 ரூபாய், இரண்டாவதற்கு 35,400 ரூபாய். விளம்பரத்தில் எட்டாயிரம் ரூபாயாகத் தெரிந்த வேறுபாடு ஆயிரம் ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. இந்த எண்கள் முறையைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வீட்டுக்கான எண்களை நீங்களே இட்டு நிரப்ப வேண்டும். ஆனால் அட்வான்ஸின் வட்டி, தண்ணீர், பயணம் ஆகிய மூன்றையும் விட்டுவிட்டுச் செய்யும் எந்த ஒப்பீடும் உங்களை நகரின் விளிம்பை நோக்கியே தள்ளும் என்பதில் ஐயமில்லை.

பயணச் செலவில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. வேலைக்கும் கல்லூரிக்கும் செல்லும் பெண்கள் இருவர் உள்ள குடும்பத்துக்கு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீடு மாதந்தோறும் உண்மையான பணத்தை மிச்சப்படுத்துகிறது. பெசன்ட் நகர் பேருந்து நிலையத்திலிருந்தே வண்டிகள் புறப்படுவதால் காலையில் உட்கார இடமும் கிடைக்கிறது. பெரம்பூர் வரை போகும் 29சி போன்ற நீண்ட தடங்களில் இது சிறிய வசதி அல்ல.

லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககம்

பெசன்ட் நகருக்குள்ளேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு முதல் வாய்ப்பு இதுதான். நான் மிகுதியும் பரிந்துரைப்பதும் இதையே. தரைத்தளத்துக்கு மேல் இரண்டு அல்லது மூன்று மாடிகளும் குறுகலான படிக்கட்டும் கொண்ட இந்தக் கட்டடங்களில், மேலே போகப் போக வாடகை குறைவதுண்டு. மூட்டுவலி உள்ள பெரியவர்களோ கைக்குழந்தையோ இல்லாத குடும்பத்துக்கு, மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி நல்ல தேர்வு: தரைத்தளத்தின் ஈரமும் கொசுவும் அங்கே இல்லை, மொட்டைமாடியின் வெக்கையும் நேராக இறங்குவதில்லை, மாலையில் கடற்காற்றும் தடையின்றி வரும். மேல்மாடி வீடு இன்னும் மலிவாகக் கிடைத்தாலும், சித்திரை வைகாசியில் இரவெல்லாம் ஏசி ஓடினால் மிச்சப்பட்டதில் ஒரு பகுதி மின்கட்டணமாகப் போய்விடும்.

இந்தக் கட்டடங்களின் பெரிய குறை உப்பு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு, காரையின் நுண்ணிய விரிசல்கள் வழியே உள்ளே இறங்கி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. அதனால்தான் பழைய வீடுகளின் கூரையில் முதலில் நீளவாட்டில் விரிசலும், பிறகு உப்பலும், கடைசியில் காரை பெயர்ந்து விழுவதும் நேர்கின்றன. புதிதாக வெள்ளையடித்த வீட்டில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வீடு பார்க்கப் போகும்போது கூரையைக் கைப்பிடிக் கம்பால் அங்கங்கே மெதுவாகத் தட்டிப் பார்ப்பது நல்லது. உள்ளே உப்பியிருக்கும் இடத்தில் ஒலி வெறுமையாகக் கேட்கும். குளியலறைக்கு அடுத்த சுவர், பால்கனியின் அடிப்பகுதி, ஜன்னல் மேல் சன்ஷேடு ஆகிய மூன்றும் முதலில் கெடும் இடங்கள். மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியும் ஜன்னல் கம்பிகளும் எவ்வளவு அரித்திருக்கின்றன என்பதைப் பார்த்தால், அந்தத் தெருவுக்குக் கடற்காற்று எவ்வளவு உப்பைக் கொண்டுவருகிறது என்பது தெரிந்துவிடும். முன்வரிசைத் தெருக்களில் ஏசியின் வெளிப்பெட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், இரு சக்கர வண்டியின் சைலன்சர் என எல்லாமே விரைவாக அரிக்கப்படும். இந்தச் செலவும் வாடகைக்கு மேல் வருவதே.

அடுத்தது தண்ணீர். 2019 கோடையில் நகரின் ஏரிகள் வற்றியபோது சென்னை பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. அதன்பின் நெம்மேலியில் 2013 முதல் இயங்கும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துடன், 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொரு நிலையம் 2024 பிப்ரவரியில் சேர்ந்தது தென்சென்னைக்கு நல்ல செய்தி. ஆனாலும் குழாயில் வரும் மெட்ரோ வாட்டர் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. சம்ப் எனப்படும் நிலத்தடித் தொட்டியின் கொள்ளளவு, மோட்டார் ஓடும் நேரம், குடித்தனங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். பெசன்ட் நகரின் மணற்பாங்கான நிலத்தில் மழைநீர் எளிதாக இறங்குவதால், மழைநீர் சேகரிப்பை ஒழுங்காக வைத்திருக்கும் கட்டடத்தின் கிணற்று நீர் நன்றாகவே இருக்கும். அளவுக்கு மீறி ஆழ்துளையில் உறிஞ்சும் கட்டடத்தில் கோடையில் உப்புக்கரிக்கத் தொடங்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்றாலும், அமைப்பு இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. வாட்ச்மேனிடமோ கீழ்வீட்டுக்காரரிடமோ, "மே மாதத்தில் எத்தனை லாரி வாங்கினீர்கள்?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். தண்ணீர்ச் செலவை ஆள்கணக்கில் பிரிக்கிறார்களா, வீட்டுக்கணக்கில் பிரிக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு இந்த வேறுபாடு பெரியது.

மூன்றாவதாக ஒரு கேள்வி, இதைப் பலர் கேட்பதே இல்லை: கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு நடக்கிறதா? ஐம்பது ஆண்டை நெருங்கும் அடுக்ககங்களில் உரிமையாளர்கள் கட்டுமான நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு மறுகட்டுமானத்துக்குப் போவது இப்பகுதியில் வழக்கமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தாலே மறுகட்டுமானத்துக்கு வழிவிடுகிறது. உரிமையாளருக்கு இது நல்ல காலம். வாடகைக்காரருக்கோ, குழந்தையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்த ஓராண்டிலேயே காலி செய்ய வேண்டிய நிலை. இத்தகைய கட்டடத்தில் வாடகை சற்றுக் குறைவாகவே கிடைக்கும், ஏனென்றால் உரிமையாளர் இனிமேல் பழுது பார்க்கப் பணம் போட மாட்டார். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு மட்டும் தங்கப் போகும் இளம் தம்பதிக்கு அது நல்ல வாய்ப்பாகக்கூட அமையலாம். பள்ளிக் குழந்தை உள்ள குடும்பம் அதைத் தவிர்க்க வேண்டும்.

தனி வீட்டின் ஒரு போர்ஷன்

பெசன்ட் நகரின் உள்தெருக்களிலும், அடையாறுக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் உள்ள சாஸ்திரி நகரிலும், கலாக்ஷேத்ரா காலனியிலும், உரிமையாளர் ஒரு தளத்தில் இருந்துகொண்டு மற்றதை வாடகைக்கு விடும் வீடுகள் இன்னும் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் முதியவர்களின் வீடுகள் இவற்றில் பல. அவர்களுக்குச் சந்தை தரும் அதிகபட்ச வாடகையைவிட, நேரத்துக்கு வாடகை கொடுத்து, அமைதியாக இருந்து, அவசரத்துக்குக் குரல் கொடுத்தால் ஓடிவரும் குடும்பம் பெரிது. அதனால் இந்த வீடுகள் இணையத்தில் விளம்பரமாக வருவதற்கு முன்பே கைமாறிவிடுகின்றன. தெருமுனை இஸ்திரிக்காரர், மளிகைக்கடைக்காரர், கோயில் வாசலில் பூ விற்பவர் ஆகியோரிடம் சொல்லிவைப்பதும், மாலையில் தெருத்தெருவாக நடந்து டு-லெட் பலகையைப் பார்ப்பதும்தான் இவற்றுக்கான வழி. தரகர் வழியாகப் போனால் வழக்கமாக ஒரு மாத வாடகை கமிஷனாகப் போகும் என்பதால், இந்த நடை வீண் போகாது.

இவ்வகை வீட்டில் கவனமாகப் பார்க்க வேண்டியது மின்இணைப்பு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கணக்கே மாறிவிடும். தனி மீட்டர் இல்லாமல், உரிமையாளரின் இணைப்பிலிருந்து துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலையாக வாங்கினால், இலவச யூனிட்டும் போகும், இரு குடித்தனங்களின் பயன்பாடும் சேர்ந்து மேல்படிக்குத் தாவும். மாதம் நானூறு ஐந்நூறு ரூபாய் வேறுபாடு இதிலேயே வந்துவிடலாம். தனி மீட்டர் உள்ள போர்ஷனைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மொத்த பில்லைப் பகிரும் முறையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கெடுபிடிகளும் இங்கே அதிகம். இரவு பத்துக்கு மேல் கேட்டைப் பூட்டுவது, விருந்தினர் தங்குவதைக் கேள்வி கேட்பது, சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டும் என்று நிபந்தனை இடுவது ஆகியவை இப்பகுதியில் வெளிப்படையாகவே நடக்கின்றன. மீன்பிடி ஊர்களின் நடுவில் எழுந்த ஒரு பகுதியில், மீன் சமைப்பவருக்கு வீடில்லை என்று பலகை தொங்குவது எனக்கு வருத்தமளிக்கிறது. சாதியையும் மதத்தையும் சுற்றிவளைத்து விசாரிப்பவர்களும் உண்டு. முதல் தொலைபேசி உரையாடலிலேயே இவற்றைத் தெளிவாகப் பேசிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. மறைத்து நுழைந்து, ஆறு மாதத்தில் மனக்கசப்போடு வெளியேறுவதைப்போல் செலவு பிடிக்கும் காரியம் வேறில்லை.

திருவான்மியூர்

பெசன்ட் நகருக்கு நேரான மாற்று திருவான்மியூர்தான். மருந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றிய பழைய ஊர், அதற்குக் கிழக்கே கடலை ஒட்டிய வால்மீகி நகர், மேற்கே காமராஜ் நகர் என்று மூன்று வேறு உலகங்கள் அதற்குள் உள்ளன. வால்மீகி நகரில் வாடகை பெசன்ட் நகருக்குச் சளைத்ததல்ல, எனவே அதை இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடலாம். கோயிலைச் சுற்றிய தெருக்களும் மேற்குப் பகுதியுமே நமக்கு உரியவை.

பெசன்ட் நகரில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: ரயில். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து வரும் பறக்கும் ரயில் 2004இல் திருவான்மியூருக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் நீண்டது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், கோட்டை என்று அலுவலகம் உள்ளவர்களுக்கு இது மிக மலிவான பயணம். நிலையத்துக்கு அருகிலேயே டைடல் பார்க் மென்பொருள் வளாகம். பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களுக்கும் இங்கிருந்தே வழி. மாதவரத்திலிருந்து சிப்காட் வரை கட்டப்பட்டுவரும் மெட்ரோ வழித்தடமும் அடையாறு, இந்திரா நகர், திருவான்மியூர் வழியாகவே செல்கிறது. அது திறக்கும்போது வாடகை உயரும் என்பதை எதிர்பார்த்து, ஆண்டு உயர்வு எத்தனை சதவீதம் என்பதை இப்போதே ஒப்பந்தத்தில் உறுதி செய்துகொள்வது அறிவுடைமை. கட்டுமானப் பணி நடக்கும் இடங்களில் தூசியும் நெரிசலும் இருப்பதால், பேருந்துச் சாலையை ஒட்டிய வீட்டைக் காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இங்கிருந்து கடற்கரைக்கும் நடக்கலாம். ஆனால் ரயில் நிலையத்துக்கு அருகில் போகப் போகக் கடல் தள்ளிப்போகும், கடலுக்கு அருகில் போனால் நிலையம் தள்ளிப்போகும். இரண்டுக்கும் நடுவே கோயிலை ஒட்டிய தெருக்கள் இருக்கின்றன. அன்றாடக் காய்கறிக்கும் பூவுக்கும் மருந்துக்கும் வண்டி எடுக்க வேண்டியதில்லை என்பதால், வாழ்க்கைச் செலவில் பெசன்ட் நகரைவிடத் திருவான்மியூர் சற்றே கைக்கு அடக்கமானது. ஞாயிறு மாலையிலும், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான வேளாங்கண்ணி மாதா திருவிழா நாட்களிலும் பெசன்ட் நகரின் கடலோரத் தெருக்களில் வாசலிலிருந்து வண்டியை எடுக்கவே முடியாத நெரிசல் இருக்கும். அந்தத் தொல்லையும் இங்கே இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையும் வேளச்சேரியும்

கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று தெற்கே போனால் அதே வாடகைக்குப் பெரிய அறைகள், வண்டி நிறுத்துமிடம், சில இடங்களில் கடலும்கூடக் கண்ணில் படும். பலர் இதைக் கண்டு மயங்குகிறார்கள், நான் தயங்குகிறேன். இந்தப் பகுதிகள் 2011இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் இங்கே பிந்தியே வந்தன. பார்க்கும் வீடு இரண்டிலும் இணைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது லாரித் தண்ணீரையும் கழிவுநீர் லாரியையும் நம்பியிருக்கிறதா என்பது முதல் கேள்வி. ரயில் இல்லை, ஒரே பெருஞ்சாலை, அதிலும் அகலப்படுத்தும் பணி. நகருக்குள் அலுவலகம் உள்ளவர்கள் இங்கே குடியேறினால் கடலை வாரக் கடைசியில்தான் பார்ப்பார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும், சோழிங்கநல்லூர் பக்கம் அலுவலகம் உள்ளவர்களுக்கும் மட்டும் இது பொருந்தும்.

வேளச்சேரி கடலோரம் அல்ல. ஆனால் பறக்கும் ரயிலில் பெருங்குடி, தரமணி கடந்தால் மூன்றாவது நிலையம் திருவான்மியூர். கையில் இருக்கும் பணம் உண்மையிலேயே குறைவாக இருந்து, கடற்கரை வாரத்துக்கு ஒருநாள் போதும் என்றால் இது மறுக்க முடியாத வாய்ப்பு. ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான தெருக்கள் 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நாட்கணக்கில் நீரில் நின்றன. அங்கே தரைத்தள வீட்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

குப்பங்களில் ஒற்றை அறைகளும் சிறு வீடுகளும் குறைந்த வாடகைக்குக் கிடைப்பதுண்டு. தனியாக வாழும் இளைஞர்கள் பலர் அங்கே தங்கி, ஊரோடு இணக்கமாகவும் வாழ்கிறார்கள். ஆயினும் வெளியாட்கள் கூடுதல் வாடகை கொடுத்து வருவதால் மீனவக் குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்கே சொந்த ஊரில் வீடு எட்டாமல் போகக்கூடும் என்பது என் கவலை. வேறு வழியுள்ளவர்கள் அந்த வீடுகளுக்குப் போட்டியிட வேண்டாம் என்றே சொல்வேன். திருமணமாகாத பணியாளர்களுக்கு இருக்கும் வேறு வழி, மூன்று படுக்கையறை கொண்ட பழைய அடுக்ககத்தை மூவராகச் சேர்ந்து எடுப்பது. தலைக்கு வரும் வாடகை தனி அறையைவிடக் கூடுதலாக இருக்காது; ஆனால் அசோசியேஷன் இசைவு தருகிறதா என்பதை உரிமையாளரின் வாய்ச்சொல்லோடு விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஒப்பந்தத்தில் மூவர் பெயரும் இருக்க வேண்டும்.

அட்வான்ஸும் ஒப்பந்தமும்

2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதைத் தடுக்கிறது. அந்த "வேறு உடன்பாடு" என்னும் வாசல் வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் நுழைகிறது. ஆகவே சட்டத்தைக் காட்டி வாதிடுவதைவிட, பேரம் பேசும்போது அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்வதே பயன் தரும்: "சட்டப்படி மூன்று மாதம், நான் ஐந்து தருகிறேன்" என்றால் பெரும்பாலான உரிமையாளர்கள் இறங்கி வருவார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். தகராறு வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்து வெளியேற்றுவதை அதே சட்டம் தடை செய்கிறது.

வீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் துருவையும் ஈரக்கறையையும் சாவி வாங்கும் நாளிலேயே படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். கடலோர வீட்டில் அட்வான்ஸைப் பிடித்தம் செய்யச் சொல்லப்படும் காரணங்களில் பாதி, உப்பு செய்த வேலையாகவே இருக்கும். அதற்கு வாடகைக்காரர் பொறுப்பல்ல. பழைய வருமான வரி முறையில் வாடகைப் படிக்குக் கழிவு கோருபவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும். இங்கே பெரும்பாலான வாடகைகள் அந்த எல்லையைத் தாண்டும். ரசீதும் பான் எண்ணும் தர மறுக்கும் உரிமையாளரின் வீடு, நீங்கள் இழக்கும் வரிச் சலுகையின் அளவுக்கு விலை கூடியது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

பள்ளிக் குழந்தைகள் உள்ள, நகருக்குள் வேலை செய்யும் குடும்பத்துக்கு என் முதல் தேர்வு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெசன்ட் நகரின் உள்தெருவிலோ சாஸ்திரி நகரிலோ, மறுகட்டுமானப் பேச்சு இல்லாத பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தனி மீட்டருள்ள தரைத்தளப் போர்ஷன், ஈரம் ஏறாத சுவர் என்ற உறுதியோடு. ரயிலை நம்பியவர்களுக்கும் டைடல் பார்க் பக்கம் வேலை செய்பவர்களுக்கும் திருவான்மியூர் கோயிலுக்கு மேற்கே. இந்த மூன்றிலும் எதுவும் அமையாவிட்டால்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்க்க வேண்டும்.

தேடும் காலமும் விலையைத் தீர்மானிக்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை பள்ளி மாற்றத்துக்காக எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவதால் பேரத்துக்கு இடமிருக்காது. ஆனால் தண்ணீர் நிலையைக் கண்ணால் பார்க்க அதுவே சரியான பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தேடுபவர்கள் குறைவு, வாடகையும் அட்வான்ஸும் இளகும், ஒழுகும் கூரையும் ஊறிய சுவரும் தாமே தம்மைக் காட்டிக்கொடுக்கும். பள்ளி தடையாக இல்லாதவர்கள் நவம்பரில், இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்த மறுநாள் காலையில் வீடு பார்க்கப் போகலாம். கோடைத் தண்ணீர் பற்றி அப்போது உரிமையாளரிடம் கேட்பதைவிட, அதே கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் வேறொரு குடும்பத்திடம் கேட்பது நல்லது.